பிராது கட்டும் கோயில்: மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரும் ஜப்பானியக் கிராமக் கோயில் மரபும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், தேவார ஆசிரியர் மூவரும் பாடிய திருமுதுகுன்றமாகவும், வெண்களிமண்ணைக் கொண்டு பீங்கான் பொருள்கள் செய்யும் செராமிக் ஊராகவும் வெளியூராருக்கு அறிமுகமாகியிருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கிராம மக்களுக்கு இவ்விரண்டையும் விட நெருக்கமான மூன்றாவது முகம் ஒன்று இந்த ஊருக்கு உண்டு. கொடுத்த கடன் திரும்பாதவர், வரப்புத் தகராறில் நிலத்தை இழந்தவர், ஆடு மாடு களவு போனவர், பேச்சு கொடுத்து ஏமாற்றப்பட்டவர் எனக் குறை உடையவர்கள், நகரை ஒட்டியுள்ள மணவாளநல்லூருக்குச் சென்று கொளஞ்சியப்பர் என்னும் தெய்வத்தின் முன் தம் குறையைத் தாளில் எழுதி வைக்கிறார்கள். இச்செயலுக்குப் பிராது கட்டுதல் என்று பெயர். இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ள இக்கோயிலைப் பற்றிய பத்திரிகைக் குறிப்புகள் பெரும்பாலும் இவ்வழக்கத்தை ஒரு விந்தையாகவே சொல்லிவிட்டுக் கடந்து செல்கின்றன. ஒரு கிராமக் கோயிலுக்குச் செல்லுதல் என்ற செயலுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பார்க்கும்போது, விந்தை என்ற சொல் எவ்வளவு போதாதது என்பது தெரியவரும். அதற்கு ஒப்புநோக்க ஏற்ற துணையாக அமைவது, தமிழ் வாசகர் அதிகம் அறியாத ஜப்பானின் ஷிந்தோ கிராமக் கோயில் மரபு. இரண்டுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு இருந்ததாகக் கொள்ள ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே இங்கே தேடப்படுவது கொடுக்கல் வாங்கல் அன்று, இரு வேறு உழவர் சமூகங்கள் தம் தெய்வத்திடம் பேசுவதற்கு அமைத்துக்கொண்ட முறைகளின் ஒப்புமையும் வேற்றுமையுமே.

மணவாளநல்லூரில் கருவறைக்குள் நோக்குபவருக்கு முதலில் வியப்பளிப்பது அங்கே உருவச்சிலை இல்லாமை. கொளஞ்சியப்பர் முருகனாகவே வணங்கப்படுகிறார். ஆயினும் ஆறு முகமோ பன்னிரு கையோ மயிலோ கொண்ட மூலவர் அங்கு இல்லை. ஏறக்குறைய மூன்றடி உயரமுள்ள, பலிபீடம் போன்ற தோற்றமுடைய ஒரு கல்லே மூலவர். கொளஞ்சிச் செடிகள் மண்டிக் கிடந்த காட்டில் பசு ஒன்று நாள்தோறும் ஓரிடத்தில் தானாகவே பாலைச் சொரிந்ததைக் கண்ட மக்கள், அவ்விடத்தில் செடிகளை விலக்கிப் பார்த்தபோது இக்கல் இருந்தது என்றும், செடியின் பெயரே தெய்வத்தின் பெயரானது என்றும் கோயில் மரபு கூறுகிறது. பசு பால் சொரிந்த கதை தமிழகத்தின் பல கோயில்களுக்கு உண்டு என்பதால் அதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அக்கதை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: இத்தெய்வத்தை எந்தச் சிற்பியும் வடிக்கவில்லை, எந்த அரசனும் நிறுவவில்லை, மேய்ச்சல் நிலத்தில் ஊரார் கண்டெடுத்தார்கள் என்பதே அது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியாரின் திருப்பணியைப் பெற்ற பழமலைநாதர் கோயில் அருகிலேயே இருக்கும்போது, அரசத் தொடர்பைக் கோராத ஒரு தெய்வத்தை மக்கள் இவ்வாறு தனித்து நினைவில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

தெய்வம் உருவத்தில் அல்லாமல் ஒரு பொருளில் உறைகிறது என்னும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. சங்க இலக்கியம் கந்து எனப்படும் தறியைத் தெய்வம் உறையும் இடமாகக் குறிப்பிடுகிறது. திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகவே அதனைச் சொல்கிறது. ஷிந்தோ மரபில் இவ்வெண்ணமே அடிப்படை. கமி என்று அழைக்கப்படும் தெய்வ ஆற்றல், கண்ணாடி, வாள், கல், மரம், அருவி, மலை ஆகிய ஏதேனும் ஒன்றில் தங்கும். அவ்வாறு தங்கும் பொருளுக்கு ஷிந்தாய் என்று பெயர். ஹோந்தென் எனப்படும் கருவறைக்குள் அது பெரும்பாலும் திரைக்குப் பின்னே பேழைக்குள் வைக்கப்பட்டிருப்பதால் வழிபட வருபவர் அதைக் காண்பதே இல்லை. நாரா வட்டாரத்தில் உள்ள மிகப் பழைய கோயிலான ஓமிவாவில் கருவறையே கிடையாது. பின்னால் நிற்கும் மிவா மலை முழுவதும் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதப்படுவதால், முன்னால் ஒரு வழிபாட்டு மண்டபம் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. தமிழர் வழிபாட்டில் காண்டல், அதாவது தரிசனம், பெற்றிருக்கும் தலைமையிடத்தை நினைத்துப் பார்த்தால் இது பெரிய வேறுபாடாகவே தோன்றும். மணவாளநல்லூரோ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே கல்லைக் காணலாம், அதற்கு அபிஷேகமும் அலங்காரமும் உண்டு. ஆயினும் வருபவரை நோக்கிப் பார்க்கும் கண்கள் அதற்கு இல்லை. பார்வையால் மட்டும் நிறைவு பெறாத இத்தகைய சந்திப்பில் சொல்லுக்கு, அதிலும் எழுதி வைக்கும் சொல்லுக்கு, கூடுதல் பொறுப்பு ஏற்படுகிறது என்று கருத இடமுண்டு.

ஜப்பானியக் கிராமம் ஒன்றின் கோயிலுக்குச் செல்பவர் கடக்கும் படிகள் எளியவை, ஆனால் மாறாதவை. வயல்களுக்கு நடுவே பிற தோட்டங்களிலிருந்து வேறுபட்டுத் தழைத்து நிற்கும் ஒரு மரக்கூட்டமே கோயில் இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்து காட்டிவிடும். அதன் வாயிலில் இரு தூண்களும் அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகளும் கொண்ட தொரீ என்னும் தோரணவாயில் நிற்கும். அதைக் கடக்கும்போது தலை தாழ்த்துவது முறை. அடுத்து ஒரு நீர்த்தொட்டியில் அகப்பையால் நீர் மொண்டு இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் கழுவிக்கொள்வர். ஹைதென் என்னும் வழிபாட்டு மண்டபத்தின் முன் காசிட்டு, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்கி விலகுவர். பூசகர் எந்நேரமும் இருப்பதில்லை. பல சிறு கோயில்களில் ஒரே பூசகர் பல ஊர்களைக் கவனித்துக்கொள்கிறார். இவ்வளவில் முடிந்துவிடும் வழிபாட்டில், வந்தவரின் தனிப்பட்ட வேண்டுதலுக்கு இடம் கொடுப்பது எமா என்று அழைக்கப்படும் சிறு மரப்பலகை. கோயிலில் வாங்கிய பலகையின் ஒரு பக்கத்தில் படம் இருக்கும். மறுபக்கத்தில் வேண்டுதலை எழுதி, அதற்கென அமைக்கப்பட்ட சட்டத்தில் தொங்கவிடுவர். தேர்வு, மகப்பேறு, நோய் நீக்கம், திருமணம் முதலியன வழக்கமான பொருள்கள். காலம் சென்றபின் கோயிலார் அவற்றைத் திரட்டி முறைப்படி எரித்துவிடுவர்.

இப்பலகையின் முன்வரலாறு தமிழ் வாசகருக்குத் தனிச் சுவை உடையது. கியோத்தோ நகருக்கு வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் உள்ள கிபுனே கோயில் நீருக்குரிய தெய்வத்தின் இருப்பிடம். வானம் பொய்த்த காலங்களில் மழை வேண்டிக் கருங்குதிரையையும், மழை மிகுந்து வெள்ளம் பெருகிய காலங்களில் அது நிற்க வேண்டி வெண்குதிரையையோ செந்நிறக் குதிரையையோ அரசவை அங்கு அனுப்பிவைத்ததாகப் பழைய மரபு உண்டு. உயிர்க்குதிரை விலை மிகுந்தது, காணிக்கையாகப் பெற்ற கோயிலுக்கும் அதைப் பேணுவது சுமை. ஆகவே அதற்கு ஈடாகப் பலகையில் செய்த குதிரையும், பின்னர் பலகையில் தீட்டிய குதிரைப் படமும் வந்தன என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நாரா காலத் தலைநகர்ப் பகுதிகளில் நடந்த அகழாய்வுகளில் சிறிய சுடுமண் குதிரைகள் வடிகால்களிலும் நீரோடைகளிலும், பெரும்பாலும் உடைந்த நிலையில், கிடைத்திருக்கின்றன. மண் குதிரையைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை மறுபடி எடுத்துப் பேணாமல் நீரிலும் நிலத்திலும் கரைய விட்டுவிடும் இவ்வழக்கத்தை அறியும் தமிழருக்கு ஐயனார் கோயில் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

அங்கே குதிரை போய்ப் பலகை வந்தது. மணவாளநல்லூரில் வேண்டுதலைத் தாங்குவது தாள். அதன் நடைமுறையைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும், ஏனெனில் கோயிலின் தனித்தன்மை முழுவதும் அந்நடைமுறையில்தான் தங்கியிருக்கிறது. பிராது கட்ட வருபவர் வெள்ளைத் தாளில், மணவாளநல்லூரில் எழுந்தருளியிருக்கும் கொளஞ்சியப்பருக்கு இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் எழுதிக்கொள்வது என்று தொடங்கி, தன் பெயர், ஊர், குறை, அதற்குக் காரணமானவர் யார் என்பது, வேண்டும் பரிகாரம் ஆகியவற்றை எழுதுவார். கோயில் அலுவலகத்தில் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துவார். எழுதிய தாள் மூலவரின் முன் வைத்துப் பூசிக்கப்பட்டுத் திருநீற்றோடு திரும்பத் தரப்படும். அதைச் சுருட்டி நூலால் கட்டி, வளாகத்தில் தனியே வீற்றிருக்கும் முனியப்பரின் சன்னிதியில் கட்டித் தொங்கவிட வேண்டும். தீர்ப்பு கொளஞ்சியப்பருடையது, அதை நிறைவேற்றுவது முனியப்பரின் பணி என்பது மக்களின் நம்பிக்கை. குறை மூன்று நாளில், தவறினால் மூன்று வாரத்தில், அதிலும் தவறினால் மூன்று மாதத்துக்குள் தீரும் என்று சொல்வார்கள். தீர்ந்தபின் வேலை முடிந்துவிடுவதில்லை. பிராது கொடுத்தவர் மறுபடி வந்து, தன் குறை இன்ன வகையில் தீர்ந்தது, ஆகவே பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ராஜினாமா என்று பெயர்.

இந்நடைமுறையில் மிகவும் சிந்திக்கத்தக்கது கட்டணம் கணக்கிடப்படும் விதம். பிராதுக்கு உரிய தொகையோடு, பிராது கொடுப்பவரின் ஊருக்கும் கோயிலுக்கும் இடையேயுள்ள தொலைவுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு காசு என்ற கணக்கில் ஒரு சிறு தொகையும் சேர்க்கப்படுகிறது. தெய்வம் எங்கும் நிறைந்தது என்னும் சமய நூல் கருத்தோடு இது பொருந்தாது. ஆனால் உரிமையியல் நீதிமன்றங்களில் நடந்து பழகிய உழவருக்கு இது சிறிதும் புதிதன்று. எதிர்வாதிக்குச் சம்மன் கொண்டு செல்லும் ஊழியருக்கும், சாட்சி சொல்ல வருபவருக்கும் வழிச்செலவு கட்ட வேண்டும். பேட்டா கட்டுதல் என்று அதைச் சொல்வார்கள். குறை நடந்த ஊருக்கு முனியப்பர் போய்வர வேண்டும் என்றால் அவருக்கும் வழிப்படி உண்டு என்ற எண்ணத்திலிருந்தே இத்தொலைவுக் கட்டணம் பிறந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பது மிகையாகாது. மனுவின் அமைப்பு, எதிராளியின் பெயர், கட்டணம், காலக்கெடு, நிறைவேற்றும் அலுவலர், சமாதானத்துக்குப் பின் வழக்கைத் திரும்பப் பெறுதல் என ஒவ்வோர் உறுப்பும் கும்பினி ஆட்சிக்குப் பின் தென்னார்க்காட்டு உழவர் அறிந்துகொண்ட நீதிமன்ற நடைமுறையோடு ஒத்துப்போகிறது. பிராது, ராஜினாமா என்னும் சொற்களும் அங்கிருந்தே வந்தவை. ஓர் உறுப்பு மட்டும் விடப்பட்டிருக்கிறது. வாய்தா இங்கு இல்லை. வழக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே செல்வதுதான் ஏழை வழக்காளியை அழிக்கிறது என்பதை அனுபவத்தால் உணர்ந்த மக்கள், நீதிமன்றத்திடமிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தோடு முடியும் காலக்கெடு, அவர்கள் விரும்பிய நீதிமன்றம் எப்படிப்பட்டது என்பதை வேறெந்தச் சான்றையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

களவும் மீட்பும் இவ்வூரின் கதை மரபிலேயே ஊறியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. சுந்தரர் திருமுதுகுன்றத்தை அணுகியபோது, ஊரும் முதியது, இறைவனும் முதியவன், இறைவியும் முதியவள் என்று எண்ணிப் பாடாது கடந்து செல்ல முற்பட்டார் என்றும், முருகன் வேடனாக வந்து அவரது பொருள்களைப் பறித்துக்கொண்டு, முதுகுன்றத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளுமாறு சொன்னான் என்றும், அம்முருகனே கொளஞ்சியப்பர் என்றும் இங்குள்ள மரபு கூறும். அதன் தொடர்ச்சியாகவே, சுந்தரர் இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்னும் பெரியபுராணச் செய்தியும் நினைக்கப்படுகிறது. பொருள் பறிபோவதும், தொலைவைக் கடந்து அது உரியவரிடம் வந்து சேர்வதும் இரு கதைகளுக்கும் பொதுவான கூறு. அவ்வகையில் இத்தலத்தில் பொருளை இழந்து முறையிட நேர்ந்த முதல் மனிதர் சுந்தரரே என்று சொல்லத் தோன்றுகிறது.

எழுதிக் கொடுக்கும் வேண்டுதலைக் கொண்டு இரு மரபுகளையும் ஒன்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வேறுபாடு ஆழமானது. எமாவில் எழுதுபவர் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார்; அங்கே பேசுவோர் இருவர், மனிதரும் தெய்வமும். பிராதில் மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார், அவர்தான் எதிராளி. நோய்க்கும் வேலைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிராது எழுதுவோர் உண்டு என்றாலும், அவ்வழக்கத்தின் உடல் முழுவதும் எதிராளியை வைத்தே கட்டப்பட்டிருக்கிறது. எமா திறந்த பலகை. அடுத்து வருபவர் அதை எளிதாகப் படிக்கலாம் என்பதால், எழுதியதை மறைக்கும் ஒட்டுத்தாளைச் சில கோயில்கள் இப்போது தருகின்றன. பிராதோ சுருட்டிக் கட்டிய தாள். அதைப் பிறர் படிப்பதற்கில்லை. ஜப்பானிலும் கசப்பான வேண்டுதல்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. கியோத்தோவின் யசுயி கொன்பிரா கோயில் தீய உறவை அறுத்துக்கொள்வதற்குப் பெயர் பெற்றது. அங்கே தொங்கும் பலகைகளில் பெயர் சொல்லி எழுதப்பட்ட மனக்கசப்புகள் ஏராளம். எனினும் அங்கே கேட்கப்படுவது பிரிவு, இங்கே கேட்கப்படுவது தீர்ப்பு.

தீர்ப்பு வேண்டிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தில் கொளஞ்சியப்பருக்கு உண்மையான உறவினர் ஜப்பானில் இல்லை, தெற்காசியாவில்தான் இருக்கிறார்கள். உத்தராகண்ட் மாநிலத்தில் அல்மோரா நகருக்கு அருகிலுள்ள சித்தயி என்னும் ஊரில் கோலு தேவதை நீதியின் தெய்வமாக வணங்கப்படுகிறார். மக்கள் தம் முறையீட்டைச் சில வேளைகளில் முத்திரைத்தாளிலேயே எழுதித் தொங்கவிட்டு, வேண்டியது நடந்தபின் மணி கட்டுகிறார்கள். சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் பத்ரகாளி கோயிலில் அநீதி இழைத்தவரை நினைத்து நாணயத்தை வெட்டிப் போடுகிறார்கள். இலங்கையில் முன்னேசுவரத்துப் பத்ரகாளியிடமும், காலி மாவட்டத்துச் சீனிகமவில் உள்ள தெவோல் தெய்வத்திடமும் தமக்குத் தீங்கு செய்தவர்மேல் முறையிட இன வேறுபாடின்றி மக்கள் செல்வதை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1970களில் ஆராய்ந்தார். நேரடி வன்முறையாக வெடிக்கக்கூடிய சினம் இக்கோயில்களில் வேறு வழியில் திருப்பிவிடப்படுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். மணவாளநல்லூருக்கு அக்கருத்து ஓரளவே பொருந்தும். மடப்புரத்தில் நாணயம் வெட்டுவதும், சீனிகமவில் மிளகாய் அரைப்பதும் சாபம். அவை கையால் செய்யப்படும் செயல்கள், அவற்றுக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. பிராது காரணம் கேட்கிறது. என்ன நடந்தது, யார் செய்தார், என்ன வேண்டும் என்று வரிசையாக எழுதும்போது, எழுதுபவர் தன் சினத்தை வழக்காக மாற்றிக்கொள்ள நேர்கிறது. எழுத்தறியாதவர் பிறரைக் கொண்டு எழுதும்போது அந்தப் பிறருக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. சாபத்துக்கும் வழக்குக்கும் இடையேயுள்ள இத்தூரமே இக்கோயிலின் சிறப்பு என்று கருதலாம்.

இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், செராமிக் ஊரில் அதை விட்டுவிட முடியாது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அரசின் முயற்சியால் வளர்ந்தது. 1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின், நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளை அகற்றும்போது வெண்களிமண்ணும் கிடைத்தது. அருகிலேயே இருந்த விருத்தாசலத்தில் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அமைந்தன. மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர்களும் ஃபியூஸ் கேரியர்களும், அகல் விளக்குகளும், விலங்கு பொம்மைகளும், கொலு பொம்மைகளும் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. பொம்மைகளுக்குக் களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச உட்புறத்தில் மண் தோலாகப் படியும். மிஞ்சிய கூழைக் கொட்டிவிட்டு, காய்ந்தபின் எடுத்துச் சூளையில் அடுக்குவர். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிந்த பீங்கான் நீரில் கரையாது, வெயிலில் உதிராது. குயவரான வேளார் கையால் வனையும் ஐயனார் குதிரை இதற்கு நேர் எதிரானது. வைக்கோலும் எருவும் விறகும் மூட்டிய சூளையில் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் வெந்த அம்மண் துளைகள் நிறைந்தது. சில மழைக்காலங்களில் காது உடைந்து, கால் முறிந்து, மீண்டும் மண்ணோடு சேர்ந்துவிடும். புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் மண் குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவியெடுப்புக்கு நாள் குறித்ததும், ஊரார் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுத்த பின்னரே வேளார் வேலையைத் தொடங்குவார். பழைய குதிரைகளைச் செப்பனிட எவரும் நினைப்பதில்லை. புதியவற்றை அவற்றின் அருகில் நிறுத்துவார்கள்.

அழியக்கூடியதைக் கொடுத்து மீண்டும் மீண்டும் புதுப்பிப்பதுதான் காணிக்கையின் இயல்பு என்ற எண்ணத்தை ஜப்பான் மிகப் பெரிய அளவில் பேணியிருக்கிறது. இசே பெருங்கோயிலின் மரக் கட்டடங்கள் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் புதிதாகக் கட்டப்பட்டு, பழையவை பிரிக்கப்படுகின்றன. 62ஆவது புதுப்பிப்பு 2013இல் நிறைவேறியது, அடுத்தது 2033இல் நிகழவிருக்கிறது. கட்டடம் பழையதாக நிற்பதைவிடக் கட்டும் கைகள் பழக்கம் விடாதிருப்பதே அங்கு முதன்மை பெறுகிறது. தமிழகக் கிராமக் கோயில்களில் சுடுமண் குதிரைகளுக்குப் பதிலாகச் சிமென்ட் குதிரைகள் எழுந்து பளபளக்கும் வண்ணம் பெறும்போது, ஊர் தன் தெய்வத்துக்கு மேலானதைக் கொடுத்ததாகவே மகிழ்கிறது. அம்மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குறை சொல்ல வெளியாருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருமுறை கட்டிய சிமென்ட் குதிரை, அடுத்த தலைமுறை வேளாருக்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறது. பிடிமண் கொடுக்கும் நிகழ்ச்சியும் அதனோடு நின்றுபோகிறது. தாளாக இருப்பதாலேயே பிராதுக்கு இக்கேடு நேரவில்லை. அதைக் கல்லில் வெட்டி வைக்க எவரும் விரும்புவதில்லை. ஒவ்வொருவரும் தம் வழக்கைப் புதிதாக எழுதியே ஆக வேண்டும்.

கோயிலைச் சூழ்ந்த மரங்களைப் பற்றி ஜப்பான் கற்ற பாடமும் இங்கே பொருந்தும். 1906இல் ஜப்பானிய அரசு, ஊருக்கு ஒரு கோயில் போதும் என்ற கொள்கையோடு சிறு கோயில்களைப் பெரியவற்றோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மறைந்தன. மியே, வகயாமா வட்டாரங்களில் இழப்பு மிகக் கடுமை. கோயில் போனதும் அதைக் காத்து நின்ற மரங்கள் வெட்டி விற்கப்பட்டன. இதை எதிர்த்து எழுதியும் போராடியும் வந்தவர்களில் முதன்மையானவர், லண்டனில் பல ஆண்டுகள் தங்கிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கற்றுத் திரும்பி, வகயாமாவின் தனாபே என்னும் ஊரில் வாழ்ந்த மினகத்தா குமகுசு (1867–1941). சளிப்பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களை ஆராய்ந்த அவருக்குக் கோயில் தோப்பு ஆய்வுக்கூடமாகவும் இருந்தது. ஆனால் அவர் வாதம் தாவரங்களோடு நிற்கவில்லை. கோயில் தொலைவுக்குப் போய்விட்டால் முதியவர்களும் பெண்களும் அங்கே செல்ல மாட்டார்கள், ஊரின் கூட்டும் நல்லுறவும் குலையும், வழிவழி வந்த செய்திகள் மறக்கப்படும் என்பதையும் அவர் அடுக்கிச் சொன்னார். 1910இல் கைதாகிச் சிறையிலும் இருந்தார். இணைப்புக் கொள்கை 1920இல் முடிவுக்கு வந்தபோது இழந்தவற்றில் பெரும்பகுதி மீளவில்லை.

தமிழகத்தில் இத்தகைய ஆணை எதுவும் பிறப்பிக்கப்பட்டதில்லை. ஆயினும் கோயில்காடு என்று வழங்கும் தோப்புகள், சாலை அகலமாவதாலும், மண்டபம் கட்டுவதாலும், கான்கிரீட் தளம் போடுவதாலும் ஒவ்வொன்றாகச் சுருங்கி வருகின்றன. விழுப்புரம் மாவட்டத்துப் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு, சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் என்பதால் தாவரவியலாளர்கள் அதைப் போற்றுகிறார்கள். கொளஞ்சிச் செடியின் பெயரைத் தாங்கிய தெய்வத்தின் கோயிலில், அச்செடி மீண்டும் வளர ஓர் இடம் ஒதுக்குவது பெரிய செலவில்லாத காரியம். மண்டபம் கட்டுவதை விட அதுவே தலபுராணத்துக்கு நெருக்கமான திருப்பணியாகவும் அமையும்.

பங்குனி உத்திரத்தில் காவடிகளோடு கூட்டம் நிரம்பும் நாள்களில் மணவாளநல்லூர், மற்ற எந்த முருகன் கோயிலையும் போலவே தோன்றும். அதன் வேறுபட்ட இயல்பை அறியச் சாதாரண நாள் ஒன்றே ஏற்றது. அப்படிப்பட்ட நாளில் அங்கு வருபவர்களில் இரு வகையினரைக் காணலாம்: பிராது கொடுக்க வந்தவர்கள், ராஜினாமா கொடுக்க வந்தவர்கள். ஜப்பானிய மரபிலும் வேண்டுதல் நிறைவேறியவர் நன்றி கூறத் திரும்பி வருவது உண்டு. தமிழக நேர்த்திக்கடனும் அத்தகையதே. ராஜினாமா அவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது, ஏனெனில் அது தெய்வத்துக்குக் கொடுக்கும் கைம்மாறு மட்டுமன்று. எதிராளியை விடுவிக்கும் ஆவணமுமாகும். பிராது கட்டியவர் அதைத் திரும்பப் பெறும் வரை வழக்கு முனியப்பரின் கையில் திறந்தே இருக்கிறது என்பதால், கடனைத் திருப்பிக் கொடுத்தவரோ, எடுத்த பொருளைக் கொண்டுவந்து வைத்தவரோ, பிராது கொடுத்தவரை ராஜினாமா எழுதித் தரும்படி கேட்க வேண்டியதாகிறது. அந்தக் கேள்வியோடு, அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதிருந்த இரு குடும்பங்கள் பேசத் தொடங்குகின்றன. இதில் தெய்வம் செய்தது எவ்வளவு, பிராது கட்டப்பட்டதை அறிந்த ஊரின் பேச்சும் எதிராளியின் அச்சமும் செய்தது எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிட ஆய்வாளர் முயலலாம். பிராது கட்டிய உழவருக்கு அந்தப் பிரிவினை தேவைப்படுவதில்லை. போன பொருள் வந்தது, எழுதிக் கொடுத்தாயிற்று, வழக்கு தீர்ந்தது.